எட்டு மூக்குக்கு ஒரு அக்கா

மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தின் பதினைந்தாம் நாள் சாயங்காலம், மெக்கானிக்குகள் சைக்கிள் கழுவுகிற இடத்தில் அந்தப் பேச்சு கிளம்பியது. நீலச் சட்டை டீமின் ரைடர்கள் மூக்கில் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் ஏதோ தடவியிருக்கிறதாம். தடவுவது அந்த டீமின் மசாஜ் அக்காவாம். இல்லாவிட்டால் முப்பத்தைந்து வயது ஆள் மலை உச்சிக்கு மூன்றாவதாக வருவது எப்படி என்று ஒருவர் கேட்டார். ஐந்து மணிக்கு 'ஏதோ'வாக இருந்தது ஆறு மணிக்குத் தைலம் ஆயிற்று. சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தபோது, அக்காவின் மாமனார் பெரிய மருந்துக் கம்பெனியில் ரகசியப் பிரிவில் இருந்தவர் என்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

சரிபார்ப்பதை மாமனாரிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம். அவர் தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் அவர் எதன் மேலாவது எதையாவது தடவினார் என்றால் அது கோந்து. மீதிப் பேச்சைச் சரிபார்ப்பது இவ்வளவு சுலபமாக இல்லை, ஏனென்றால் அன்று அந்தப் பட்டையில் கோளாறு இருந்தது உண்மை. பேசியவர்கள் நினைத்த கோளாறு இல்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. டீமில் அவளைவிட மூத்தவரான பஸ் டிரைவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். மேனேஜரும் அப்படியே, கோபம் வந்தால் மட்டும் அவர் பேச்சில் ஒரு 'ங்க' கூடும். பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் நோயாளிகளின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவள், அங்கே எந்தக் காலும் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று இங்கே வந்தாள்.

மசாஜ் என்பது வேலையின் பெயர். வேலை என்பது மற்ற எல்லாம். காலை ஐந்தரைக்கு எழுந்து தொண்ணூறு பாட்டில் நிரப்ப வேண்டும். சோற்றை அமுக்கிக் கட்டிகளாக வெட்டி ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுருட்ட வேண்டும். அறை அறையாகப் பெட்டிகளை இறக்கி வேனில் ஏற்ற வேண்டும். பந்தயம் வருமுன் போய்ச் சாலையோரம் சாப்பாட்டுப் பையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் பையைப் பிடுங்கும்போது தோள்பட்டையும் பாதி தூரம் கூடப் போய்விட்டுத் திரும்பும். அப்புறம் அடுத்த ஹோட்டல், அடுத்த சாவிக்கொத்து, துவைக்கிற மிஷினில் எட்டு பேரின் வேர்வை. எல்லாம் முடிந்து மாலையில் மூன்று பேரின் ஆறு கால்கள் அவள் மேஜைக்கு வரும். பதினைந்து நாளில் பதினைந்து ஹோட்டல். தரை விரிப்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றே. காலையில் கண் விழித்ததும் குளியலறை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். சில நாள் அலமாரியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இதற்கெல்லாம் நடுவே மூக்கு. தினமும் எட்டு.

மூக்குப் பட்டை என்பது மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துணித் துண்டு. அதற்குள் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் நரம்பு. மூக்குத் தண்டின் மேல் வளைத்து ஒட்டினால், நரம்பு நிமிரப் பார்க்கும். நிமிரும்போது மூக்கின் இரண்டு பக்கத்தையும் தூக்கிப் பிடிக்கும். காற்று தாராளமாக உள்ளே போகும் என்று பட்டைக் கம்பெனி சொல்கிறது. மலை ஏறும்போது எவன் மூக்கால் மூச்சு விடுகிறான், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டுதானே போகிறார்கள் என்று டீம் டாக்டர் சொல்கிறார். ரைடர்கள் கம்பெனியை நம்புகிறார்கள். டாக்டர் மலை ஏறியதில்லை. மேலும் சட்டையின் நெஞ்சில் எழுதியிருப்பது டாக்டர் பெயர் இல்லை, கம்பெனி பெயர்; டீமுக்குப் பணம் போடுவது அதுதான்.

அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. ஒரு பட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவருக்கு ஒட்டிப் பார்த்தாள். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர், குறட்டையில் அதே இன்ஜின் சத்தம். காலை வரை பட்டை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. குறட்டையும் அசையவில்லை.

ஆனால் ஒட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. முதலில் சோப்புப் போட்டு மூக்கைக் கழுவச் சொல்வாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காய விடுவாள். வெயில் கிரீம் மூக்கில் ஒரு பொட்டு பட்டிருந்தாலும் திரும்ப அனுப்பிவிடுவாள், எண்ணெய்ப் பிசுக்கில் பட்டை பத்தாவது கிலோமீட்டரில் கழன்று காதுக்குப் போய்விடும். ஒட்டியபின் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி முப்பது எண்ணுவாள். அந்த முப்பது எண்ணிக்கைக்கு எட்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பார்கள். நாள் முழுவதும் அவர்கள் வாயை மூடுகிற நேரம் அது ஒன்றுதான்.

எட்டு மூக்கில் அவளுக்கு அதிக வேலை வைத்தது தாத்தாவின் மூக்கு. தாத்தா என்பவருக்கு முப்பத்தைந்து வயது. இந்தத் தொழிலில் அது தாத்தா வயது. இரண்டு முறை விழுந்து உடைந்து இடப்பக்கம் சாய்ந்த மூக்கு, பட்டையைக் கொஞ்சம் கோணலாக வைத்தால்தான் நேராக நிற்கும். பன்னிரண்டு வருஷமாக அவர் செய்வது டீமின் நட்சத்திரங்களுக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுப்பது, முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்வது, பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பது. முதல் முப்பது பேருக்குள் அவர் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

பந்தயம் தொடங்குவதற்கு முந்தின நாள் மேனேஜர் மசாஜ் ஆட்கள் ஐந்து பேரையும் துவைக்கிற வேன் பக்கம் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்கு நாலு பேர்தான், கம்பெனி அவ்வளவுதான் தாங்கும், பட்டியல் கடைசி நாளில் வரும் என்றார். அக்கா மற்ற நாலு பேரையும் ஒரு முறை பார்த்தாள். எல்லோருக்கும் நாற்பதுக்குக் கீழே வயது. ஒருவனுக்குப் பெரிய லாரி ஓட்டத் தெரியும். ஒருவனுக்கு மேனேஜரின் ஜோக்குக்குச் சிரிக்கத் தெரியும். இந்த வேலை பிடிக்கிறதா என்று யாராவது கேட்டால், முதலில் ரெண்டு நாள் தூங்கிவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். ஆனாலும் வேலை வேண்டாம் என்று அவளாகச் சொல்வது வேறு, அவள் வேண்டாம் என்று வேலை சொல்வது வேறு. ஐம்பத்தொரு வயதில் திரும்பப் போக அந்த எலும்பு வார்டு ஒன்றுதான் இருந்தது. அங்கே ஆட்களைத் தூக்கிப் புரட்ட வேண்டும். அவள் இடுப்பு இப்போது அவளையே தூக்க யோசிக்கிறது.

பதினைந்தாம் நாள் காலை நடந்தது இதுதான். கம்பெனி இரண்டு வகை அட்டைப்பெட்டி அனுப்பும். ஒன்றில் ரைடர்களுக்கான அசல் பட்டை. இன்னொன்று விளம்பர வண்டிக்கு. பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த வண்டி போகும், சாலையோரம் நிற்கிற ஜனங்களுக்கு இலவசமாகத் தொப்பி, விசில், மூக்குப் பட்டை என்று வீசிக்கொண்டே போகும். வீசுகிற பட்டைக்கும் அதே நீலம், அதே எழுத்து, அதே பசை. உள்ளே நரம்பு மட்டும் கிடையாது. சும்மா வீசுகிற பொருளுக்கு யார் நரம்பு வைப்பார்கள். இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் அசலின் பக்கவாட்டில் ஒரு பச்சைப் பொட்டு. அன்று ஹோட்டலில் லிஃப்ட் ஓடவில்லை, பெட்டிகள் மூன்றாவது மாடி நடையில் பொட்டுப் பக்கம் சுவரைப் பார்க்க அடுக்கியிருந்தன. அக்கா மேலே இருந்ததை எடுத்தாள். கீழே இருந்ததை விளம்பர வண்டிக்காரர் வந்து எடுத்துப்போனார்.

விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஆறு கால், ஒரு துவைக்கிற மிஷின், தொண்ணூறு பாட்டில் என்று பதினைந்து நாள் போன கட்டைவிரலுக்குச் சுடுதண்ணீரே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அவள் எட்டு பேருக்கும் வெறும் துணியை ஒட்டி, அழுத்தி, முறையாக முப்பது எண்ணினாள். அன்று எழுபது கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் தின்றவர்கள், மிக விசாலமாக மூச்சு விட்டிருப்பார்கள்.

மலையில் தாத்தா முன்னால் போன கும்பலில் இருந்தார், வழக்கம்போல ஒரு நட்சத்திரத்துக்குத் துணையாக. பாதி ஏற்றத்தில் நட்சத்திரத்துக்குத் தொடை இழுத்துக்கொண்டது. காதுக் கருவியில் மேனேஜர், சரி நீயாவது போய்த்தொலை என்றார். தாத்தா போனார். மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தார். படத்தில் அவர் வாய் கிணறு மாதிரி திறந்திருக்க, மூக்கின் மேல் கம்பெனி பெயர் ஒரு எழுத்து விடாமல் படிக்கும்படி பளபளத்தது. கம்பெனிக்காரர் டீம் பஸ்ஸுக்கே வந்து எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார், டிரைவருடைய கையை இரண்டு முறை. அடுத்த வருஷம் கூடவே செய்கிறோம், குறைத்துச் செய்யமாட்டோம் என்றார். அவர் போனதும் மேனேஜர் அக்காவிடம் வந்து, பட்டியலை மறந்துவிடு, ஐந்து பேருக்கும் இடம் உண்டு என்றார்.

அந்தச் சந்தோஷம் நாற்பது நிமிஷம் நீடித்தது.

மசாஜ் மேஜையில் தாத்தா மல்லாந்து கிடந்தார். அக்கா வெதுவெதுப்பான ஈரத்துணியை மூக்கில் வைத்து ஊறவைத்துப் பட்டையை உரித்தாள். உரித்த பட்டை எப்போதும் விரலில் துள்ளி நிமிரும். இது நனைந்த காகிதம் மாதிரி தொங்கியது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விளக்கு சீராகத் தெரிந்தது.

தாத்தா கண்ணைத் திறக்காமல் பேசினார். "அக்கா, இன்னிக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. உள்ள யாரோ ஜன்னலத் தொறந்து விட்ட மாதிரி. நாளைக்கும் இதே டப்பாவுல இருந்து ஒட்டுங்க."

"திரும்பிப் படு," என்றாள் அக்கா.

பட்டையைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பட்டையால் வந்த வெற்றி என்று குதிக்கிற கம்பெனிக்கு, அந்தப் பட்டையே மூக்கில் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஐந்தாவது ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு தப்பு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். மறுநாள் பொட்டு பார்த்து அசலையே ஒட்டினாள். தாத்தா தொண்ணூறாவதாக வந்தார், நேற்றைய கால் இன்னும் வரவில்லை என்றார்.

யாருக்கும் நஷ்டமில்லை என்பது பதினேழாம் நாள் சாயங்காலம் வரை சரியாக இருந்தது. மெக்கானிக்குகள் கிளப்பிய பேச்சு ஊர் சுற்றிப் பந்தயத்தின் ஊக்கமருந்து விசாரணை அதிகாரியின் காதுக்குப் போயிருந்தது. அவர் டீம் பஸ்ஸில் தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்த குப்பைப் பைகளைப் பிரித்து, பழைய பட்டைகளை இடுக்கியால் எடுத்து, பதினைந்தாம் நாள் பட்டைகளைத் தனியாக வைத்தார். அவை மற்ற நாள் பட்டை மாதிரி இல்லை; நரம்பில்லாமல், தொட்டால் ஊறியது மாதிரி மெத்தென்று இருந்தன. மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளத் தனியாகச் செய்த பட்டை என்று அவர் முடிவுக்கு வந்தார். வேறு எந்த முடிவுக்கு வருவார் பாவம். சோதனைக் கூடத்திலிருந்து பதில் வரப் பத்து நாள் ஆகும், அதுவரை, அன்று மலையில் மூன்றாவதாக வந்த தாத்தா மட்டும் சைக்கிளில் ஏறக் கூடாது என்றார்.

மேனேஜர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, ஏதாவது தடவினாயா, தைலம் கியிலம், பழக்க தோஷத்தில் என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் பட்டை ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். அவள் தாத்தாவின் அறைப் பக்கம் திரும்பினாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தாத்தா கட்டிலில் பந்தயச் சட்டையோடு, காலுறையோடு உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த ஹோட்டல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் தனக்காக ஓட்டியவர். அந்த ஒரு நாளையும் எல்லோரும் முகர்ந்து பார்க்கிறார்கள்.

அக்கா நடையில் இருந்த பெட்டிகளைப் பொட்டுப் பார்த்துப் பிரித்தாள். அப்புறம் இரண்டு வகையிலும் ஒவ்வொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்த கூட்ட அறைக்குப் போனாள்.

அதிகாரி ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அவள் இரண்டு பட்டையை எடுத்து அவர் முன்னாலேயே விரல் மேல் வளைத்தாள். ஒன்று துள்ளியது. ஒன்று படுத்துக்கொண்டது.

"இது ரோட்ல நிக்கறவங்களுக்குச் சும்மா வீசறது சார். அன்னிக்கு இதத்தான் ஒட்டிட்டேன். விளம்பர வண்டிக்காரரக் கேளுங்க, அவர்கிட்ட இதே டப்பா இன்னும் நாலு இருக்கு."

"வீசறத எடுத்து ரைடர் மூக்குல எதுக்கும்மா ஒட்டினீங்க?"

"தூக்கம் சார்."

படிவத்தில் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் அவர் அந்த வார்த்தையை அப்படியே எழுதினார். எழுதிவிட்டு விளம்பர வண்டிக்குப் போனார். டப்பாவைப் பிரித்துத் தானும் ஒன்றை வளைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் தாத்தா நாளைக்கு ஓட்டலாம் என்று சொல்லி அனுப்பினார். பத்து நாள் கழித்துச் சோதனைக் கூடமும் பதில் சொன்னது: துணி, பசை, எட்டு பேரின் வேர்வை.

ஆக அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்றால், பட்டையில் எதுவும் கூடுதலாக இல்லை, இருக்க வேண்டியதே குறைவாக இருந்தது. இந்தத் திருத்தம் மெக்கானிக்குகளிடம் எடுபடவில்லை. இதைவிடத் தைலம்தான் நம்பும்படியாக இருந்தது.

கம்பெனிக்காரர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இரண்டு பட்டையையும் மாற்றி மாற்றி மடக்கிப் பார்த்தார். தாத்தாவின் மூக்கு பெரிதாகப் போட்ட விளம்பரப் பலகை அச்சுக்குப் போயிருந்ததாம். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. மேனேஜர் மட்டும் வந்து அக்காவிடம், உண்மையச் சொன்னதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க அக்கா என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டதுமே அவளுக்குப் பட்டியல் தெரிந்துவிட்டது.

தாத்தா துவைக்கிற வேனுக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று அவள் நினைத்து, அதற்குள்ளேயே கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

"அப்ப அன்னிக்கு மூக்குல இருந்தது என்னதாங்க்கா?"

"துணி."

"வெறும் துணியா?"

"பசையும் உண்டு."

அவர் மிஷின் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க என்கிட்ட சொல்லியிருக்க வேணாம். எனக்கு அந்த ஜன்னல் நல்லா இருந்துச்சு."

அப்படியானால் அன்று ஏறியது உன் கால்தானே என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் ஜெயிக்க உழைத்த ஆள். பெருமை தன் கால் பக்கம் வருகிறது என்றால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை. மறுநாள் அசல் நரம்போடு நூற்றுப் பன்னிரண்டாவதாக வந்தார்.

கடைசி நாள் பட்டியல் வந்தது. நாலு பேர். அக்கா இல்லை. மேனேஜர் நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார். "ரைடர் யாராவது வந்து, அக்கா இல்லாம எனக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அத வெச்சு நான் கம்பெனிகிட்ட அஞ்சாவது ஆளுக்குப் பேசறேன். நானா ஆரம்பிக்க முடியாது."

போய்க் கேட்கிற பழக்கம் அக்காவுக்கு இல்லை. பெட்டி ஏற்றும்போது டிரைவர்தான் தாத்தாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். தாத்தா நேரே அவளிடம் வந்தார். "நான் கேக்கறேன்க்கா. ஒரு வார்த்தைதானே. இது எப்பவோ நான் செஞ்சிருக்கணும்."

அவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் ஒரு இடம் காலி, சேருவதா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னார்கள். தாத்தாவுக்கு டீமில் இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள், மலையில் மூன்றாவதாக வந்த புண்ணியம். அந்தச் செய்தியை அவரே போனில் அனுப்பியிருந்தார், பக்கத்தில் கைகுவித்த படம் ஒன்று.

கணவர் டூட்டி முடிந்து வந்து தினமும் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார், தாத்தா மேனேஜர்கிட்ட கேட்டுட்டானா என்று. கேப்பான் என்கிறாள்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள். நேற்று டிரைவர் போன் பண்ணினார். தாத்தா காலையில் மேனேஜர் அறைக்குப் போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன பேசினார் என்று கேட்டாள். தன் சைக்கிள் சீட்டை மூணு மில்லி மீட்டர் உயர்த்துவது பற்றி என்றார் டிரைவர்.